பிணம் சொல்லிக் கொடுத்த வசனம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று யாருக்கு என்ன வேடம் என்று வாசித்தார்கள். நான் பிணம்.

சும்மா சொல்லக் கூடாது, முழு நாடகமும் பிணமில்லை. முதல் பாதியில் உயிரோடு சில காட்சிகள் உண்டு. இருமுவேன். ஓடிப்போன மகளை ஜன்னல் வழியே தேடுவேன். பெரிய மகனிடம் தண்ணீர் கேட்பேன், அவன் கொண்டு வருவதற்குள் செத்துவிடுவேன். இடைவேளை. சனங்கள் டீ குடித்துவிட்டு வருவார்கள். அதன் பிறகு முடிவுவரை மேடை நடுவே கட்டிலில் கிடப்பேன். மகன் வீட்டை விற்க நிற்பான், மகள் திரும்பி வந்து பிணத்தோடு பேசுவாள். அந்த நீளமான காட்சிதான் நாடகத்தின் உயிர். உயிர் அவளுக்கு, கட்டில் எனக்கு.

மகள் வேடத்துக்கு டிவி தொடரிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டி வந்திருக்கிறார்கள். இருபது வருஷமாக இந்தக் குழுவில் கதாநாயகி யார் என்று கேட்டால் அரங்கத்துப் பூனைகூட என்னைத்தான் காட்டும். இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. போஸ்டருக்கு ஒரு மூஞ்சி வேணும்." அப்படியானால் என் கழுத்துக்கு மேல் இருப்பது என்னவாம்?

பிறகு எல்லோருக்கும் உபதேசம். "பார்வையாளனை உலுக்கணும். நாற்காலியை விட்டு எழுப்பணும்." போன நாடகத்திலேயே எழுந்தார்கள். பாதியில் எழுந்தார்கள், திரும்பி வரவில்லை. இந்த நாடகத்தின் பெயர் 'நிழலின் எலும்பு'. அர்த்தம் கேட்டேன். "அதைப் பார்வையாளர்தான் கண்டுபிடிக்கணும்" என்றார். அவருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

கோபித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் அரங்க உரிமையாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்த நாடகமும் காலியாக ஓடினால் இடத்தைத் தள்ளுபடித் துணி விற்பனைக்கு விட்டுவிடுவாராம். மேடையே இல்லாமல் போவதற்குப் பிணமாக மேடையில் கிடப்பது மேல்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்கவில்லை. "படுத்துக்கிட்டே வேலை. யாருக்குக் கெடைக்கும்?" என்றார்.

மார்ச் 11, புதன்

அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்துவிட்டேன். மனசுக்குள்தான். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. தொடரில் கேமராவுக்குப் பின்னால் ஒருத்தர் உட்கார்ந்து வசனத்தை வாசிப்பாராம், இவள் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வாளாம், அப்புறம் வேறொருத்தி வந்து குரல் கொடுப்பாளாம். அதாவது இத்தனை வருஷமாக வீடு வீடாக அழுதுகொண்டிருக்கும் இந்தப் பெண்ணின் தலைக்குள் ஒரு வசனம்கூட ஒரு ராத்திரி தங்கியது கிடையாது.

இன்று பிணக் காட்சி ஒத்திகை. "அம்மா, நான் வந்துட்டேன்" வரைக்கும் சரியாக இருந்தது. பிறகு கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றாள். யாரோ அடுத்ததைச் சொல்வார்கள் என்று காத்திருக்கிறாள்! யாரும் சொல்லவில்லை. இயக்குநர் கண்ணை மூடி, "அந்த மௌனம் அருமை" என்றார்.

திமிர் பிடித்தவளாக இருப்பாள் என்று எதிர்பார்த்து நாலைந்து பதிலடி தயாராக வைத்திருந்தேன். அத்தனையும் வீண். எனக்கு டீ கொண்டுவந்து கொடுக்கிறாள். "நான் ஸ்கூல் படிக்கும்போதே உங்க நாடகம் பாத்திருக்கேன்க்கா" என்கிறாள். வயசைச் சொல்லிக்காட்ட இதைவிட மரியாதையான வழி கிடையாது.

மார்ச் 12, வியாழன்

இயக்குநருக்குப் புது ஞானோதயம்: இறந்தவள் உலகத்துக்கு முதுகு காட்ட வேண்டுமாம். கட்டிலில் என் முகம் பின்திரையைப் பார்த்து இருக்கும். சனங்களுக்குத் தெரியப் போவது என் கொண்டையும் ஒரு காதும். செத்த மூஞ்சியைக்கூடக் காட்ட விடமாட்டேன் என்கிறார்.

மார்ச் 16, திங்கள்

பிணமாகக் கிடப்பது சுலபம் என்கிறவர்கள் ஒருநாள் கிடந்து பார்க்கட்டும். மூச்சை வயிற்றில் விட வேண்டும், நெஞ்சு எழும்பக் கூடாது. எச்சில் விழுங்கக் கூடாது. மூக்கு அரித்தால் அதன் பாட்டுக்கு அரிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். நான் போட்டிருக்கும் வேஷத்துக்குக் குரைக்கவும் அனுமதி இல்லை.

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் தையல்காரம்மா போர்வையை இழுத்துவிட்டார். "கொஞ்சம் உள்ள தள்ளிப் படுங்க. பிணம் இவ்வளவு குண்டா இருந்தா யாருக்கும் அழுகை வராது" என்றார். இந்தக் குழுவில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி இவர்.

மார்ச் 26, வியாழன்

நாளை முதல் காட்சி.

மத்தியானம் ஒப்பனை அறைக்குக் கிளி வந்தாள். ஊசி தேடுகிற மாதிரி நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நிக்க மாட்டேங்குது."

"எது?"

"வசனம். படிக்கறேன். காலைல எழுந்தா காணோம். நாளைக்கு அவ்வளவு பேர் முன்னாடி நான் என்ன பண்ணப் போறேன்?"

"திரை ஓரத்துல யாரையாவது நின்னு சொல்லச் சொல்லு."

"டைரக்டர்கிட்ட கேட்டேன்க்கா. அது கலைக்கே அவமானம்னுட்டார்."

கொஞ்ச நேரம் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "உங்க முகம் அந்தப் பக்கம்தானே இருக்கப் போகுது... நான் அழற மாதிரி உங்க மேல குனிஞ்சா..." என்றாள்.

மிச்சத்தை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிணம் வசனம் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்!

ஒப்புக்கொண்டேன். ஏன்? நாடகம் விழுந்தால் அரங்கம் போய்விடும், அது ஒன்று. இன்னொன்று... அந்த வசனமெல்லாம் எழுதி வந்த நாளிலேயே எனக்கு மனப்பாடம். எனக்குத்தான் வரும் என்று நம்பிப் படித்தது. போகட்டும், என் வாயிலிருந்தாவது அது கிளம்பிப் போகட்டுமே. கொழுப்பு என்றாலும் சரி, ஏக்கம் என்றாலும் சரி.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

மார்ச் 28, சனி

நேற்று நடந்தது. நம்ப முடியவில்லை, ஆனால் நடந்தது.

எங்கள் அரங்கத்தில் நடிகர்களுக்கு மைக் கிடையாது, நல்லதாகப் போயிற்று. அவளுக்கு மறந்த இடமெல்லாம் மண்டியிட்டாள், குனிந்தாள், என் வாயில் காது வைத்தாள். வரியின் முதல் ரெண்டு வார்த்தையை ஊதுகிற மாதிரி சொன்னேன். நிமிர்ந்து மிச்சத்தைக் கொட்டினாள். ஒரு இடத்தில் அவள் கண்ணீர் என் காதுக்குள் விழுந்தது. கிச்சுகிச்சு மூட்டியது. பிணம் சிரிக்கக் கூடாது என்பதற்காக நான் பார்த்த சாவுகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன் - அப்பா, தம்பி, போன நாடகம்.

முடிந்ததும் கைத்தட்டல் வந்தது. மழை வருகிற மாதிரி முதலில் அங்கே இங்கே, பிறகு மொத்தமாக. எனக்கு எப்படித் தட்டுவார்கள் என்று தெரியும், இது அந்தத் தட்டல்தான். ஆனால் வேறு திசைக்குப் போயிற்று.

மார்ச் 30, திங்கள்

பத்திரிகையில் விமர்சனம். எழுதியவர் போன நாடகத்தில் முன் வரிசையில் குறட்டை விட்டவர். இந்த முறை விழித்திருந்திருக்கிறார்.

"வாழும்போது கேட்க மறுத்த தாயின் குரலை, மரணத்தின் உதடுகளில் காது வைத்துத் தேடுகிறாள் மகள். மீண்டும் மீண்டும் குனியும் அந்த உடல்மொழி நம் மேடை இதுவரை காணாதது." இப்படியே அரைப் பக்கம். என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. "பிணம் நம்பும்படியாக இருந்தது."

இயக்குநர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "முதல் நாள்லேர்ந்து இதைத்தானே நான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். கிளி தரையைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "இன்னும் ரெண்டு மூணு இடத்துல குனி" என்று அவளுக்கு உத்தரவு வேறு. ஆக, மறதிக்கு இயக்குநரின் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. இனி தாராளமாக மறக்கலாம்.

ஏப்ரல் 6, திங்கள்

அரங்கம் நிரம்புகிறது. உரிமையாளர் துணி விற்பனையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, தான் சின்ன வயசிலேயே கலை ஆர்வமுள்ளவர் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

புதுப் போஸ்டர் வந்திருக்கிறது. கிளி குனிந்து காது கொடுக்கும் படம். கீழே 'உங்களை உலுக்கும் நாடகம்'. இருபது வருஷ உழைப்புக்குப் பலனாக என் இடது காது தெரு முழுக்க ஒட்டப்பட்டிருக்கிறது. என் சொந்த அக்கா ஃபோன் செய்தாள். "போஸ்டர்ல நீ எங்கடி இருக்கே?" என்றாள். "காதைப் பாரு" என்றேன். "தோடு யாருது? நல்லாருக்கே" என்றாள். ரத்த சொந்தம்!

ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டுக்காரர் நாடகம் பார்க்க வந்தார். கல்யாணமானதிலிருந்து இது மூன்றாவதோ நாலாவதோ தடவை. திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். நானே கேட்டேன்.

"எப்படி இருந்துது?"

"அந்தப் பொண்ணு நல்லா அழறா."

"நான்?"

யோசித்தார். "நீ செத்ததும் நல்லாத்தான் இருந்துது" என்றார்.

ஏப்ரல் 15, புதன்

கிளி இருமல் மாத்திரை வாங்கி வந்தாள், எனக்குத் தொண்டை வறண்டுவிடக் கூடாதாம். கட்டிலில் விலாவுக்குக் கீழே வைக்க ஒரு மெத்தென்ற துணியும் தைத்து எடுத்து வந்தாள். "பலகை குத்துதுன்னு தையல்காரம்மா சொன்னாங்கக்கா." நன்றி சொன்னேன். உண்மையாகவே குத்திக்கொண்டிருந்தது. இவளை வெறுப்பதற்கு நான் தினமும் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

பாடுபட வேண்டிய அவசியம் தீர்ந்தது.

டிவியில் அவள் பேட்டி. பேட்டி எடுத்தவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அந்தக் குனியற காட்சியில உங்களுக்குள்ள என்ன நடக்குது?" என்று கேட்கிறாள். கிளி கண் கலங்குகிறாள். "அந்த நேரத்துல நெஜமாவே அந்த அம்மா என் காதுல பேசற மாதிரி இருக்கும்" என்கிறாள்.

மாதிரியா? மாதிரி இருக்குமா? அடிப்பாவி! வயித்தால மூச்சு விட்டு, எச்சில் முழுங்காம, ஒவ்வொரு வரியா ஊதி ஊதிக் குடுக்கறேன் - மாதிரியாம்! வீட்டுக்காரர் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். உடைத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். நியாயமான பயம்.

ரகசியமாக வைக்க வேண்டும் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டதும் நாங்கள்தான். அவள் வேறு என்ன சொல்ல முடியும்? அதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால் எரிச்சல் குறைவதில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

நாளை பெரிய நாடக விழாவுக்குத் தேர்வு செய்யும் குழு வருகிறது. கிளி நடிப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

பிணம் பேசுமா? பேசாது. நாளைக்கு இந்தப் பிணம் முறைப்படி நடந்துகொள்ளும். அவள் குனியட்டும், காது வைக்கட்டும், ஒன்றும் கிடைக்காமல் பேந்தப் பேந்த விழிக்கட்டும். இந்த நாடகத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பது யார் என்று ஊருக்குத் தெரியட்டும். அரங்கம் துணிக்கடையானால் ஆகட்டும், நானும் தள்ளுபடியில் ரெண்டு துணி எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

எப்படி எழுதுவது?

நான் பேசவில்லை. முதல் தடவை குனிந்தாள், காத்திருந்தாள், எழுந்து தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு வரியைச் சொல்லிச் சமாளித்தாள். இரண்டாம் தடவை "அக்கா" என்று காதில் மூச்சாக வந்தது. நான் அசையவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

மூன்றாம் தடவை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு என் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் பிடித்தேன்? பேசாமல் இருந்தது வரைக்கும் கோபம் என்று சொல்லலாம். இது என்ன? இருபது வருஷத் தொழில் பழக்கமா, வெறும் குரூரமா? இன்னும் எனக்கே தெரியவில்லை.

"அக்கா!" என்று கத்தினாள். அம்மா என்று இல்லை. அரங்கம் அதிர்ந்தது. "அக்கா, ஏந்திரிங்க! என்னாச்சு? பேசுங்க! ஏதாவது சொல்லுங்க! நீங்க சொல்லலன்னா நான் என்ன பண்ணுவேன், எனக்கு ஒண்ணுமே தெரியாதே... யாராவது வாங்களேன்! யாருமே வர மாட்டீங்களா!" என் தலையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். பெரிய மகனாக நடிப்பவர் வங்கியில் வேலை பார்க்கிறவர், ரொம்ப ஒழுங்கானவர். எழுதிக் கொடுத்ததில் இது இல்லையே என்று சிலையாக நின்றுவிட்டார். அண்ணன்காரனின் கல்நெஞ்சம் என்று சனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது நான் கண்ணைத் திறக்க முடியாது. திறந்தால் நாடகம் செத்துவிடும். திறக்காவிட்டால் அவளுக்கு நான் செத்தவள். தையல்காரம்மாதான் என்னவோ தப்பு நடக்கிறது என்று திரையை இறக்கினார். வெளியே எல்லோரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள். நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது. இயக்குநரின் கனவு ஒருவழியாக நிறைவேறியது, உலுக்கியாயிற்று.

நான் கண்ணைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு என் மேலேயே விழுந்து அழுதாள். "செத்துட்டீங்கன்னு நெனச்சேன்... செத்துட்டீங்கன்னு நெனச்சேன்..."

எனக்காக யாரும் அப்படி அழுது நான் கேட்டதில்லை. மேடையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்

விழாவுக்கு நாடகம் தேர்வாகிவிட்டது. விமர்சகர் எழுதுகிறார்: "தாயை 'அக்கா' என்று அழைக்கும் அந்த உச்சக் கணத்தில் உறவுகளின் எல்லைகளே கரைந்துவிடுகின்றன." கரைந்தது எது என்று எனக்கல்லவா தெரியும்.

"இனிமே தினமும் இப்படியே பண்ணணும்" என்கிறார் இயக்குநர். கேட்க வேண்டியவள் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை.

மே 1, வெள்ளி

கிளி வந்தாள், தன் சாமான்களை எடுத்துப் போக. தொடரில் நாள் நெருக்குகிறது, இனி நடிக்க முடியாது என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டாள். உண்மையை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு நல்ல சந்தர்ப்பம், அதையும் விட்டுவிட்டாள். இன்னொரு அறைகூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒப்பனை அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். "உங்க முகத்தைப் பாத்தா பயமா இருக்குக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் போனதும் இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வசனம் தெரியுமா?"

தெரியுமாவா!

மே 10, ஞாயிறு

நேற்று மகளாக நடித்தேன். இந்த வயசில் மகள். ஒப்பனைக்கு வழக்கத்தைவிட நேரமானது, அதை விடுவோம். முதல் பாதி இருமலும் இடைவேளைக்குப் பிறகு பிணமும் தையல்காரம்மா. "நாள் பூரா உக்காந்து தைக்கறவளுக்குப் படுக்கக் குடுத்துவச்சிருக்கே" என்று சந்தோஷமாக ஏறிப் படுத்தார். கழுத்தில் அளவு நாடாவை மறந்திருந்தார். கடைசி நேரத்தில் உருவி எடுத்தேன்.

ஒரு எழுத்துப் பிசகவில்லை. எங்கே குரல் ஏற வேண்டும், எங்கே உடைய வேண்டும், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. இயக்குநர் சொன்ன இடங்களில் குனிந்தேன், நிமிர்ந்தேன். கைத்தட்டினார்கள். நல்லபடியாகத் தட்டினார்கள். உட்கார்ந்தபடி.

மே 17, ஞாயிறு

நேற்று நாற்காலிகள் காலி. மூன்றாம் வரிசையில் ஒரு ஆள் இடைவேளை முடிந்தும் திரும்பி வரவில்லை. அவர் சட்டை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

காட்சி முடிந்து கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயில் ஒரு அம்மா. என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். இது ரெண்டாம் தடவையாம், இந்த முறை மாமியாரையும் கூட்டி வந்தாளாம்.

"நீங்க அருமையா பேசறீங்க" என்றாள்.

"சந்தோஷம்."

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. "ஆனா முன்ன அந்தப் பொண்ணு பண்ணும்போது... அது குனிஞ்சுச்சுன்னா நானும் மூச்சை அடக்கிக்குவேன். அந்தம்மா என்ன சொல்லப் போறாங்களோன்னு. அது காது குடுத்துக் கேட்டுச்சும்மா. உங்களுக்கு எல்லாமே முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நீங்க கேக்கல."

அவள் போன பிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆடத் தெரிந்தவள், கூடமும் நேராகத்தான் இருக்கிறது. எதைக் குறை சொல்லித் தப்பிப்பது?

உண்மைதான். அவளுக்கு அடுத்தது என்னவென்று தெரியாது. உயிர் போகிற அவசரத்தில் கேட்டாள். எனக்கு என்ன அவசரம்? நான் குனிந்தபோது தையல்காரம்மாவின் வாய் இருந்த இடத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 18, திங்கள்

விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அவளைப் போய்ப் பார்க்கலாமா? எந்த மூஞ்சியோடு?

மே 20, புதன்

இந்த மூஞ்சியோடுதான்.

தொடர் எடுக்கும் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். கூடத்தில் விளக்குகள், கயிறுகள், ஆட்கள். நடுவில் கிளி அழுதுகொண்டிருக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் பிஸ்கட் மென்றுகொண்டே வாசிக்கிறார்: "நீங்க என்னை ஏமாத்திட்டீங்க அத்தான்." அவள்: "நீங்க என்னை ஏமாத்திட்டீங்க அத்தான்!" அவர்: "இடது பக்கம் பாத்து அழுங்க." அவள் இடது பக்கம் பார்த்தாள். நான் நின்றிருந்த பக்கம்.

இடைவேளை விட்டதும் வந்தாள். கழுத்துப் பட்டியில் ஒப்பனை ஒட்டாமலிருக்கக் காகிதத் துண்டு செருகியிருந்தது.

"எதுக்குக்கா வந்தீங்க?"

"திரும்பி வா. விழாவுக்கு நீதான் நடிக்கணும்."

"அது நீங்க ஆசப்பட்ட வேஷமாச்சே."

ஆக, தெரிந்துதான் இருக்கிறது. "ஆசப்பட்டேன். வரல எனக்கு" என்றேன்.

"உங்களுக்கா வரல?"

"வசனம் வருது. மத்தது வரல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே மை கலையாமல் ஒற்றிக்கொண்டாள். "எங்கம்மா போனப்ப நான் இப்படித்தான் ஒரு வீட்ல அழுதுட்டிருந்தேன். கிளிசரின் போட்டு, வேற ஒரு அம்மாவுக்காக. ஷாட் முடியற வரைக்கும் என்கிட்ட சொல்லவே இல்ல. அன்னிக்கு உங்க மூக்குல கை வச்சேன், மூச்சு இல்ல. எனக்கு நாடகமெல்லாம் மறந்துபோச்சுக்கா."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான். மேடையில் கண்டவன் காலிலெல்லாம் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், எழுதிக் கொடுத்தால். அங்கே நின்றபோது ஒரு வார்த்தை வரவில்லை. "கட்டில்ல அந்தத் துணி இன்னும் இருக்கு. நானே படுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். உளறல்.

பிஸ்கட்காரர் கூப்பிட்டார். அவள் போய்விட்டாள். வரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மே 23, சனி

ஒத்திகைக்குக் கிளி வந்துவிட்டாள். இயக்குநருக்குக் கண்ணீர். தன் அழைப்பின் வலிமை என்கிறார். தையல்காரம்மாவுக்குத்தான் வருத்தம். "இப்பத்தான் நல்லா தூக்கம் பழகிச்சு" என்றார்.

கிளி என்னோடு பேசுகிறாள், ஆனால் வேண்டியதை மட்டும். டீ கொண்டுவரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தாள்.

மே 31, ஞாயிறு

நேற்று விழா. பெரிய அரங்கம், கடைசி வரிசை ஆட்களின் முகமே தெரியாது. திரை ஏறுவதற்குமுன் என் போர்வையை அவளே இழுத்துவிட்டாள். "எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சுக்கா. இன்னிக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

செத்தேன். படுத்தேன். முதல் இடத்தில் நின்றபடியே பேசினாள். அடுத்த இடத்திலும். ஒவ்வொரு வரிக்கும் நான் முந்திக்கொண்டு தயாராகிறேன், அவள் கேட்காமலே தாண்டிப் போகிறாள். இப்போதுதான் நான் அசல் பிணம், ஒருத்தருக்கும் உபயோகமில்லை. இயக்குநர் திரை ஓரத்தில் "குனி, குனி" என்று பல்லைக் கடிப்பது கேட்டது.

"நீ ஏன் என்கிட்ட ஒண்ணும் சொல்லாமப் போயிட்டே" என்ற வரி வந்தது. அதையும் முழுசாகச் சொன்னாள். பிறகு மண்டியிட்டுக் குனிந்து என் வாயில் காது வைத்தாள்.

பதறிப்போனேன். எதை மறந்தாள்? அடுத்த வரியின் முதல் வார்த்தையை எடுத்தேன். லேசாகத் தலையசைத்தாள். அது வேண்டாமாம். ஆனால் நிமிரவும் இல்லை. காதை அங்கேயே வைத்திருந்தாள். அத்தனை பெரிய அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. கொடுப்பதற்கு என்னிடம் எழுதிய வரி எதுவும் மிச்சமில்லை.

"மன்னிச்சுடு" என்றேன். "மூச்சைப் பிடிச்சிருக்கக் கூடாது நான்."

அவள் நெற்றி என் தோளில் வந்து சாய்ந்தது. கனமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பேசாம படுங்கக்கா."

நிமிர்ந்தாள். அடுத்த வரியைச் சொன்னாள்.